காவிரிப் படுகையில் ஹிப் ஹாப்: இரைச்சலாக விழுவது பிடித்துப்போவது எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்து வீடுகளில் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. தியாகராஜர் வாழ்ந்த திருவையாறும் ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் ஒலித்த திருவாவடுதுறையும் இருக்கிற மண்ணில், நம் வீட்டுப் பிள்ளை ஏன் இயர்போனை மாட்டிக்கொண்டு, யாரோ மூச்சுவிடாமல் பேசுவதைக் கேட்டுத் தலையாட்டுகிறது? அதில் ராகம் எங்கே? அது பாட்டா, பேச்சா?

வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. கூட்டாளிகளைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்பார்கள். அல்லது நாலு மாதத்தில் தெளிந்துவிடும் என்பார்கள். இரண்டுமே போதாது. ஹிப் ஹாப் ஒருவருக்குப் பிடித்துப்போவதில் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் உடம்புக்குப் பிடிக்கிறது, பிறகு காதுக்கு, கடைசியில் நாக்குக்கு. டெல்டாவில் வளர்ந்தவருக்கு இந்த மூன்றும் பழகிய தடங்கள். அது எப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொற்கள்

ஹிப் ஹாப்பும் ராப்பும் ஒன்றல்ல. ராப் என்பது தாளத்துக்கு ஏற்ப சொற்களை அடுக்கிச் சொல்லும் கலை. ஹிப் ஹாப் அதைவிடப் பெரிய குடும்பம். இசைத்தட்டை இயக்கும் டிஜே, மைக் பிடித்துச் சொல்லும் எம்சி, பிரேக் நடனம், சுவரில் வரையும் கிராஃபிட்டி ஆகிய நான்கும் சேர்ந்த தெருக் கலாச்சாரம் அது. இந்தக் கட்டுரைக்கு இன்னும் நான்கு சொற்கள் தேவை.

1. பீட்: பாட்டின் அடியில் ஓடும் தாளக் கட்டு. பெரும்பாலும் நாலு எண்ணிக்கை. ஒன்றிலும் மூன்றிலும் கனமான அடி விழும், இரண்டிலும் நாலிலும் சுள்ளென்ற அடி விழும்.

2. பார்: அந்த நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று. நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் ஒரு பார் மூன்று விநாடிக்கும் குறைவு. ஒரு ராப் பத்தி வழக்கமாக 16 பார், அதாவது சுமார் 43 விநாடி.

3. ஃப்ளோ: சொற்கள் பீட்டின்மேல் ஏறி உட்காரும் விதம். ஒரே வரியை இரண்டு பேர் சொன்னால் இரண்டு ஃப்ளோ.

4. சாம்பிள்: பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் புதுப் பாட்டுக்கு அடித்தளமாக்குவது.

பிராங்க்ஸில் நடந்தது

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் செட்விக் அவென்யூ 1520 என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து நடந்தது. சிண்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க நினைத்து ஏற்பாடு செய்தது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ் கேம்ப்பெல். உலகம் அவரை டிஜே கூல் ஹெர்க் என்று அறியும். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். பெரிய பெரிய ஸ்பீக்கர்களைத் தெருவில் அடுக்கி ஊரையே ஆடவைக்கும் பழக்கம் அந்த ஊரில் உண்டு. காதுகுத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக்செட் கட்டுகிறவர் என்ன பாட்டுப் போடுகிறாரோ அதுதான் அன்றைக்குத் தெருவின் பாட்டு என்று பழகிய டெல்டாக்காரருக்கு இந்த இடம் உடனே விளங்கும்.

ஹெர்க் ஒன்றைக் கவனித்தார். பாட்டில் குரலும் மற்ற கருவிகளும் ஒதுங்கி, டிரம் மட்டும் தனியாக ஒலிக்கும் சில விநாடிகள் வரும். அதற்கு ‘பிரேக்’ என்று பெயர். ஆடுகிறவர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். அதனால் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்தார். ஒன்றில் பிரேக் முடியும் நேரத்தில் மற்றதில் தொடங்கவைத்தார். சில விநாடித் துண்டு சில நிமிடங்களுக்கு நீண்டது.

சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தவிலைத் தனியாக விட்டுக்கொடுக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். அதுவரை பேசிக்கொண்டு நடந்த கூட்டம் நின்றுவிடும். ராகம் தெரியாதவரின் கால் தரையைத் தட்டும். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றவர்களின் தவிலுக்காகவே ஊர் கூடிய மண் இது. பிரேக்கை நீட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கான பதில், இந்தப் பக்கத்து வீதிகளில் நெடுங்காலமாக இருக்கிறது.

அன்றைய பிராங்க்ஸ் நொடிந்துபோன இடம். விரைவுச்சாலைக்காகக் குடியிருப்புகள் இடிபட்டிருந்தன. 1970-களில் கட்டடங்கள் அடுத்தடுத்து எரிந்தன. வாத்தியம் வாங்க வழியில்லாத பிள்ளைகள் வீட்டிலிருந்த இசைத்தட்டையே வாத்தியமாக்கினார்கள். ஆட்டத்துக்கு நடுவே மைக்கில் இரண்டு வரி சொல்லி உற்சாகமூட்டியவர்கள், மெல்ல மெல்ல மேடையின் நடுவுக்கு வந்தார்கள். 1979-ல் சுகர்ஹில் கேங் குழுவின் ‘ராப்பர்ஸ் டிலைட்’ ராப்பை வானொலிக்குக் கொண்டுபோனது. 1982-ல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவின் பெயரில் வந்த ‘தி மெஸேஜ்’ அந்தத் தெருவின் வறுமையை அப்படியே சொன்னது. கொண்டாட்டமாகத் தொடங்கிய வடிவம், ஒன்பதே ஆண்டுகளில் சாட்சியமாகவும் மாறியது.

காவிரிக் கரைக்கு வந்த வழிகள்

இங்கே யாரும் ‘இன்று முதல் ஹிப் ஹாப் கேட்கப்போகிறேன்’ என்று முடிவெடுத்துக் கேட்கத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே பிடித்த ஏதோ ஒன்றுக்குள் ஒளிந்துதான் அது வருகிறது.

1. சினிமா. 1994-ல் வந்த ‘காதலன்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘பேட்டை ராப்’ வந்தது. சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது ஆகியோரோடு தேனி குஞ்சரம்மாளின் கிராமியக் குரலும் அதில் உண்டு. டவுன் பஸ்ஸிலும் கேசட் கடையிலும் அதைக் கேட்டவர்கள் ராப் கேட்பதாக நினைக்கவில்லை. ஒரு படப் பாட்டாகத்தான் கேட்டார்கள். ஆனால் ராகம் இழுக்காமல் பேச்சே பாட்டாகலாம் என்பது காதில் ஏறிவிட்டது.

2. மலேசியா. எனக்கு இதுதான் மிக முக்கியமான வழி. 2006-ல் யோகி பி தன் நட்சத்ரா குழுவோடு ‘வல்லவன்’ என்ற முழுத் தமிழ் ராப் தொகுப்பைக் கொண்டுவந்தார். அவர்கள் மலேசியத் தமிழர்கள். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் போன பெரும் வாசல்களில் ஒன்று நாகப்பட்டினம் துறைமுகம். அங்கே கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர்கள் ஏராளம். கூத்தாநல்லூருக்கு ‘சின்ன சிங்கப்பூர்’ என்றே ஒரு பெயர் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவு இருக்கும் ஊர்களுக்கு அங்கிருந்து ஒரு பாட்டு வருவது அத்தை பிள்ளை ஊருக்கு வருவது போலத்தான். அந்தத் தொகுப்பில் பேர்பெற்ற பாட்டு, 1980-ல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா இசையமைத்த ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து அதன்மேல் ராப் செய்தது. அப்பா கேட்ட பாட்டின் தோளில் ஏறிக்கொண்டு மகனுக்கான பாட்டு வந்தது. மடை என்ற சொல்லே வயல்காட்டுச் சொல்; அதைக் கேட்டு ஓர் இளைஞன் ‘யார் இவர்கள்?’ என்று தேடப் போனதில் வியப்பில்லை.

3. கைபேசி. கோயம்புத்தூர் ஆதியின் ஹிப்ஹாப் தமிழா 2012-ல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ தொகுப்பை வெளியிட்டது. இணையம்தான் அதைப் பரப்பியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்ததும், களத்துமேட்டில் உட்கார்ந்தபடி பிராங்க்ஸ் வரைக்கும் போய்வர முடிந்தது. 2021 மார்ச்சில் அறிவும் தீயும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ ராப் பிடிக்காத வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

இரைச்சல் எப்போது பாட்டாகிறது

முதல் முறை பலருக்கும் பிடிப்பதில்லை. இது இயல்பு. 1968-ல் உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் ஓர் உண்மையைச் சோதனைகளால் காட்டினார்: அறிமுகமில்லாத ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதே அதன்மேல் விருப்பத்தைக் கூட்டுகிறது. கல்லூரி பஸ்ஸில், ஜிம்மில், கபடிப் போட்டி மைதானத்தின் ஸ்பீக்கரில் என்று பத்து முறை விழுந்தபின் காது எதிர்ப்பதை விட்டுவிடுகிறது.

ஆனால் திரும்பக் கேட்பது மட்டும் காரணம் என்றால் எல்லா விளம்பரப் பாட்டும் நமக்குப் பிடித்திருக்க வேண்டும். அடுத்த காரணம் தாளத்துக்குள் இருக்கிறது. 2014-ல் மரியா விடெக்கும் உடன் ஆய்வாளர்களும் டிரம் தாளங்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எண்ணிக்கையில் அப்படியே விழும் எளிய தாளமும், பிடிபடாத அளவுக்குச் சிக்கலான தாளமும் ஆளை அவ்வளவாக ஆடத் தூண்டவில்லை. எதிர்பார்த்த இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழுகிற, ஆனால் பிடி விடாத நடுத்தரத் தாளமே அதிகம் தூண்டியது.

கர்நாடக இசையில் இதற்குப் பெயரே இருக்கிறது. தாளம் தொடங்கியபின் சற்றுத் தள்ளிப் பாட்டைத் தொடங்குவது அனாகத எடுப்பு; தாளத்துக்கு முன்பே தொடங்கிவிடுவது அதீத எடுப்பு. நல்ல ராப்பர் இதைத்தான் ஒவ்வொரு வரியிலும் செய்கிறார். அடி விழுந்தபின் அரை எண்ணிக்கை விட்டுச் சொல்லை எடுக்கிறார், அடுத்த வரியில் முந்திக்கொள்கிறார். பாட்டு வகுப்பில் தொடையில் தாளம் போட்டுப் பழகிய பிள்ளைக்கு ஃப்ளோ விரைவில் பிடிபடுவதற்குக் காரணம் இதுதான். பாட்டு வகுப்புக்கே போகாமல் பறையும் தப்பும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அதைவிட விரைவாகப் பிடிபடும் என்றே சொல்வேன். அந்தத் தாளங்களில் உடம்பும் அடியும் வேறுவேறாக இருப்பதில்லை.

எதுகை, மோனை, இயைபு

உடம்புக்குப் பிடித்துவிட்டது. இனிமேல்தான் காதல் வேர்விடுகிறது, அதுவும் சொல்லில். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்த யாப்பு இங்கே உயிர் பெறுவதைப் பார்க்கலாம். விளக்கத்துக்காக இரண்டு வரி கட்டிப் பார்ப்போம்:

ஆத்துல தண்ணிவரும் அறிவிப்பு வந்தாச்சு
நாத்துல பச்சையில்ல நாளுந்தான் போயாச்சு

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்குமா என்று காத்திருக்கும் குறுவைக் காலத்தின் வரிகள். இவற்றை நாலு எண்ணிக்கைப் பீட்டில் வைத்துப் பாருங்கள்.

1. வரிக்கு நாலு சீர். யாப்பில் இது அளவடி. ராப்பில் ஒரு பார். சீருக்கு ஒரு தாள அடி கச்சிதமாக உட்காரும்.

2. ‘ஆத்துல’, ‘நாத்துல’ இரண்டிலும் இரண்டாம் எழுத்து ஒன்று. இது எதுகை. ஆங்கில ராப் பெரிதும் வரியின் கடைசியில் ஒலி பொருத்தும். தமிழ் வரியின் தொடக்கத்திலேயே பொருத்தத் தொடங்கிவிடும்.

3. ‘ஆத்துல’, ‘அறிவிப்பு’, ‘நாத்துல’, ‘நாளுந்தான்’. முதல் சீரும் மூன்றாம் சீரும் ஒலியில் சேருகின்றன. இது பொழிப்பு மோனை. பீட்டில் கனமான அடி விழும் இடங்களும் ஒன்றும் மூன்றும்தான்.

4. ‘வந்தாச்சு’, ‘போயாச்சு’. இது இயைபு. சுள்ளென்ற நாலாவது அடியில் விழுகிறது.

ஒரு வரிக்கு மூன்று பூட்டு. இதை யாரும் எடுத்துச் சொல்லாமலே தமிழ்க் காது பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் பழமொழியிலும் விடுகதையிலும் தாலாட்டிலும் அது கேட்டு வளர்ந்தது இந்தப் பூட்டுகளைத்தான். சுவாமிமலை முருகன் சன்னிதியில் திருப்புகழ் சொல்லிக் கேட்டவருக்குச் சந்தத்தின் வேகம் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆங்கிலச் சொல்லில் ஓர் அசையை அழுத்திச் சொல்வதால் தாளம் பிறக்கிறது. தமிழில் குறில், நெடில் அளவாலும் ‘த்த’, ‘ட்ட’, ‘ப்ப’ என்ற இரட்டிப்பாலும் பிறக்கிறது. ஆங்கில ராப்பின் அழுத்தத்தை அப்படியே தமிழின்மேல் ஏற்றினால் சொல் நொண்டும்; கேட்கிறவர் ஒதுங்கிவிடுவார். குறிலையும் நெடிலையும் நம்பிக் கட்டிய வரியைக் கேட்டதும் ‘இது நம்ம ஆளு’ என்று தோன்றிவிடும். டிரம்மே தேவையில்லாமல் ‘த்த’ என்ற ஒலி தானே அடியாகிறது.

எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

ஹிப் ஹாப்பில் புதியவருக்கு அதிர்ச்சி தரும் பகுதி, ராப்பர்கள் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் வரியால் மடக்கும் போட்டி. ‘இப்படித் திட்டிக்கொள்வதில் என்ன கலை?’ என்று கேட்கிறவர்கள் இந்த மண்ணின் லாவணியை நினைத்துப் பார்க்கலாம். தஞ்சை மராட்டியர் ஆட்சி 1676 முதல் 1855 வரை நீடித்தது. அவர்கள் வழியாக வந்த லாவணி, தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகையின் உயிராக நின்றது. சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று எதிர்க்கட்சி. டேப் என்ற தோல்கருவியை அடித்துக்கொண்டு இருவரும் விடிய விடியக் கேள்வியும் பதிலும் பாட்டாகவே போடுவார்கள். புராணத்தில் தொடங்கும் வாதம் எதிராளியின் அறிவையும் குரலையும் சீண்டும் இடத்துக்கும் போகும். கூட்டம் எந்தப் பக்கம் ஆரவாரிக்கிறது என்பதில் வெற்றி தெரியும். ஹிப் ஹாப் மேடையில் நடப்பதும் இந்த வடிவம்தான்.

காரைக்கால் அருகே திருமலைராயன்பட்டினம் இருக்கிறது. காளமேகப் புலவர் அங்கே அதிமதுர கவியோடு மோதியதாகவும், கொதிக்கும் கொப்பரைக்குமேல் தொங்கியபடி கேட்ட தலைப்புக்கெல்லாம் அந்தக் கணமே பாட்டுச் சொன்னதாகவும், கடைசியில் ஊருக்கே சாபப் பாட்டுப் பாடிவிட்டுப் போனதாகவும் கதை வழங்குகிறது. நடந்ததா, புனைந்ததா என்பது வேறு விஷயம். தலைப்புக் கொடுத்ததும் நின்ற இடத்தில் வரி கட்டுவதை வீரமாகக் கொண்டாடிய ஒரு மண் இது என்பதை அந்தக் கதை காட்டுகிறது. ஃப்ரீஸ்டைல் என்று இன்று சொல்வதும் அதே வீரம்.

பிடித்த பிறகு என்ன நடக்கிறது

ஒரு பாட்டு பிடித்தவர் அங்கேயே நிற்பதில்லை. சாம்பிள் அவரைப் பின்னோக்கி இழுக்கும். இந்த டிரம் துண்டு எங்கிருந்து வந்தது என்று தேடினால் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 1970-ஆம் ஆண்டுப் பாட்டு ‘ஃபங்கி டிரம்மர்’ வரும். அதை வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். எத்தனையோ ராப் பாட்டுகளுக்கு அடித்தளமான அந்தச் சில விநாடிகளுக்காக அவருக்கு உரிமைத்தொகை கிடைக்கவில்லை. இதை அறியும்போது இளம் ரசிகர் இசையோடு சேர்த்து அதன் நீதி அநீதியையும் படிக்கத் தொடங்குகிறார். 1991-ல் அனுமதியின்றி சாம்பிள் எடுத்தது தவறு என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் தொழில் முறையே மாறியது. மெட்டைக் கடன் வாங்குவது நமக்கும் புதிதல்ல. பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலையில் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சடித்திருப்பார்கள். எங்கிருந்து எடுத்தோம் என்று வெளிப்படையாகச் சொன்ன நேர்மை அது.

அடுத்து சொல்லின் பொருள். ‘எஞ்சாயி எஞ்சாமி’யை எழுதிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். நிலத்தில் உழைத்தவருக்கு நிலம் இல்லை என்ற துயரம் அந்தப் பாட்டில் இருக்கிறது. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் ஊடே 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மண்ணில் அந்த வரி வெறும் வரியாக விழாது. பிராங்க்ஸ் பையன் ‘என் தெரு இப்படி இருக்கிறது’ என்று சொன்னதை, வேறு மொழியில் தன் சேரியைப் பற்றியே சொன்னதாகக் கேட்கிறவர்கள் இங்கே உண்டு. ரசிகர் பாட்டு எழுதத் தொடங்குவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பெற்றோரின் பயத்தில் உள்ள நியாயம்

ராப்பில் பெண்களை இழிவாகப் பேசும் வரிகள் இருக்கின்றன. துப்பாக்கியையும் போதையையும் பெருமையாகச் சொல்லும் வரிகளும் இருக்கின்றன. இவற்றைத் ‘தெருவின் உண்மை’ என்று எல்லா இடத்திலும் நியாயப்படுத்த முடியாது. சந்தையில் விற்கும் என்பதற்காக எழுதியவை நிறைய. ஆனால் இதே வடிவத்தில் எழுதிய கெண்ட்ரிக் லமாருக்குத்தான் 2018-ல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. பிள்ளை எதைக் கேட்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரியைக் கேட்டு, ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று விசாரிப்பது இயர்போனைப் பிடுங்குவதைவிடப் பயன் தரும். வரியை விளக்கச் சொன்னால் எந்த ராப் ரசிகரும் மணிக்கணக்கில் விளக்குவார்.

இன்னும் இங்கே பாடப்படாதது

தமிழ் ராப்பில் சென்னைப் பேச்சின் ஆட்சி இன்னும் அதிகம். டெல்டா இளைஞர் எழுதும்போதும் முதலில் வடசென்னை வார்த்தைகளைத்தான் கடன் வாங்குகிறார். நாற்றங்கால், தாளடி, முறைப்பாசனம், கோரை, களர் என்று பீட்டில் அடியாக விழக் காத்திருக்கும் சொற்கள் அவர் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கின்றன. பெண்கள் எழுத வருவதும் குறைவு. இது எனக்கு உறுத்தலாக இருக்கிறது, ஏனென்றால் இந்தப் படுகையின் தாளச் சொல்லை வயலில் காப்பாற்றியவர்கள் பெண்கள். நடவில் ஒருத்தி வரி எடுக்க, மற்றவர்கள் குனிந்தபடியே பதில் வரி சொல்வார்கள். எம்சி கேட்டுக் கூட்டம் பதில் சொல்லும் அமைப்பு அதில் அப்படியே உண்டு. கை நாற்றைப் பதிக்கும் வேகமே பீட்.

நடவு இயந்திரம் இறங்கிய வயல்களில் அந்தப் பாட்டுக்கு இடமில்லை. ஆனால் வரி எடுத்த பாட்டிகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். சாம்பிள் தேடி 1970-ஆம் ஆண்டு அமெரிக்க இசைத்தட்டு வரை போகத் தெரிந்த பேரன் பேத்திகளின் கையில் நல்ல மைக் உள்ள போன் இருக்கிறது. திண்ணையில் உட்காரவைத்து, ‘அப்பாயி, நடவுல நீ எடுக்குற பாட்டை ஒரு தடவை சொல்லு’ என்று கேட்டுப் பதிவு செய்யலாம். பாட்டின் தலையில் அப்பாயி பெயரையும் போடலாம்.